கழற்றுவதற்கு முன் கேளுங்கள்
(கேள்வி – பதில்)

கேள்வி: அண்ணே, ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறேன். சேரப்பணஞ்சேரியில் ஆள் ஏற்றி மூன்று ஷிஃப்டுக்கும் கொண்டுபோய் விடுகிறேன். கொஞ்ச நாளாக அறுபதைத் தாண்டினால் வண்டிக்கு அடியிலிருந்து ‘உய்ய்ங்’ என்று ஒரு சத்தம். கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?
– வேன் ஓட்டுநர், சேரப்பணஞ்சேரி

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மெக்கானிக் முடிவு செய்துவிட்டார். எப்போது வருகிறது என்று அவர் கேட்டாரா? இரும்பில் சத்தம் ஓடும். பின் ஆக்சிலில் பிறந்த இரைச்சல் ஷாஃப்ட் வழியாகவும் பாடி வழியாகவும் வந்து உங்கள் சீட்டுக்கு அடியில் கேட்கும். அதனால் இடத்தைச் சொல்வதில் காது ஏமாறும். நேரத்தைச் சொல்வதில் ஏமாறாது. அதை வைத்தே பாதி வேலையை முடித்துவிடலாம்.

ஞாயிறு விடியற்காலையில், ஆள் ஏற்றாமல், கூட ஒருவரை மட்டும் உட்காரவைத்துக்கொண்டு வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் போக்குவரத்து இல்லாத நீளத்தில் ஓட்டிப் பாருங்கள். முதலில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை மிதியுங்கள். அங்கேயே அந்தச் சத்தம் வந்தால் சக்கரத்துக்கும் ஆக்சிலுக்கும் அதில் பங்கில்லை. ஆல்டர்னேட்டர், பெல்ட் புல்லி, பவர் ஸ்டீயரிங் பம்ப், கியர் பாக்ஸின் முன்பக்க பேரிங் என்று தேட வேண்டியதுதான்.

நிற்கும்போது வரவில்லையா? ஓட்டுங்கள். அறுபதில் டாப் கியரில் ஒரு முறை, அதே அறுபதில் ஒரு கியர் குறைத்து ஒரு முறை. கியர் குறைத்தால் இன்ஜின் வேகம் கூடும், சக்கர வேகம் மாறாது. சத்தத்தின் சுருதியும் கூடவே ஏறினால் கோளாறு இன்ஜின் பக்கம். சுருதி அசையாமல் நின்றால் கோளாறு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பாகத்தில். உங்களுடையது பின்சக்கரத்தை இழுக்கும் வேன் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்து கியர் உள்ள இப்படிப்பட்ட வண்டிகளில் பெரும்பாலும் நான்காவது கியர் நேரடி இணைப்பு. பாரம் கியர் பாக்ஸின் கீழ்த்தண்டுப் பல்சக்கரங்கள் வழியே போகாமல் நேராகப் பின்னால் போய்விடும். மற்ற கியர்களில் கத்தி நான்காவதில் மட்டும் அடங்கினால், உங்கள் மெக்கானிக் சொன்னது சரி.

அடுத்தது ஆக்சிலேட்டர். மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டு, காலை எடுத்ததும் நின்றால் (அல்லது இதற்கு நேர்மாறாக நடந்தால்) டிஃபரன்ஷியலில் உள்ள கிரௌன்-பினியனைச் சந்தேகியுங்கள். இழுக்கும்போது பல்லின் ஒரு முகமும், வண்டி தானாக உருளும்போது மறுமுகமும் உரசுகின்றன. கெட்ட முகம் வேலை செய்யும் நேரத்தில் கத்துகிறது. மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்தால் பேரிங், அல்லது டயர். கடைசியாக, நாற்பது ஐம்பதில் போகும்போது ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் அசையுங்கள். வலப்பக்கம் ஒடிக்கும்போது வண்டியின் பாரம் இடச் சக்கரங்களில் விழும். அப்போது சத்தம் கூடினால் இடது வீல் பேரிங். மறுபக்கம் என்றால் வலது. ஓடும் வண்டியில் எந்தச் சோதனைக்காகவும் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்கக் கூடாது. பிரேக்குக்கு உள்ள உதவி போய்விடும், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

இன்னும் உறுதி வேண்டுமா? கணக்குப் போடலாம். உங்கள் டயர் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் உருளும் என்று வையுங்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏழரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும். கிரௌன் வீலில் 41 பல் இருந்தால் நொடிக்குச் சுமார் 310 முறை பல்லோடு பல் சேர்கிறது. ஊளை அங்கிருந்து வருகிறது என்றால் அதன் அதிர்வெண் அதுவாகத்தான் இருக்கும். ஆர்மோனியத்தில் இரண்டரைக் கட்டை. எண்பதுக்குப் போனால் ஐந்தரைக் கட்டைக்கு ஏறிவிடும். பல் எண்ணிக்கை வண்டிக்கு வண்டி மாறும், கணக்கு மாறாது. போனில் அதிர்வெண் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. கூட வந்தவர் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். கணக்கும் செயலியும் ஒத்துப்போனால், எந்தப் பல்சக்கரம் பேசுகிறது என்பதை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிடலாம்.

கேள்வி: ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் என் கார் ‘ஞொய்ங்’ என்கிறது. முன்னால் போகும்போது சத்தமே இல்லை. பயப்பட வேண்டுமா?
– வாசகி, படப்பை

பதில்: வேண்டாம். பல மேனுவல் கார்களில் ரிவர்ஸ் கியரின் பல் நேராக வெட்டப்பட்டிருக்கும். முன்னோக்கிப் போகும் கியர்களின் பல் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். சாய்ந்த பல் ஒரு முனையில் தொட்டு மெல்ல மெல்ல முழு நீளமும் சேரும். நேர்ப்பல் முழு அகலமும் ஒரே அடியில் சேரும். அந்த அடி நொடிக்கு நூற்றுக்கணக்கில் விழும்போது கேட்பதுதான் நீங்கள் சொல்லும் ஞொய்ங்.

அப்படியானால் எல்லாப் பல்லையும் சாய்வாகவே வெட்டலாமே என்று அடுத்த கடிதம் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். சாய்ந்த பல் சுற்றும்போது தண்டைப் பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்க பேரிங் வேண்டும், இடம் வேண்டும், செலவு வேண்டும். காரில் பின்னோக்கிப் போகும் தூரம் எவ்வளவு? அதற்கு நேர்ப்பல் போதும். பக்கவாட்டுத் தள்ளலை ஒழிக்க இன்னொரு வழியும் உண்டு. இரண்டு எதிரெதிர்ச் சாய்வுகளை ஒட்டி அம்புக்குறி மாதிரி பல் வெட்டினால் இரண்டு தள்ளலும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். ஆந்த்ரே சித்ரோயன் இந்த வகைப் பல்லைப் போலந்தில் கண்டு, உரிமை வாங்கி, பிரான்சில் பல்சக்கரத் தொழில் தொடங்கினார். கார் செய்யத் தொடங்கியது அதற்குப் பிறகுதான், 1919-இல். நம் திருவள்ளூர் ஆலையிலிருந்து வரும் சித்ரோயன் கார்களின் மூக்கில் இரண்டு அம்பு முனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றனவே, அவை அந்தப் பல்லின் வடிவம்தான். ஒரு கார் கம்பெனி சத்தமில்லாத கியரைத் தன் சின்னமாக நெற்றியில் ஒட்டியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கேள்வி: சிக்னலில் நியூட்ரலில் நிற்கும்போது உறுமல். கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. கிளட்ச் போய்விட்டதா?
– வாசகர், சுங்குவார்சத்திரம்

பதில்: கிளட்ச் மீது பழி போடாதீர்கள். கிளட்சை மிதித்தால் கியர் பாக்ஸுக்குள் போகும் தண்டு நின்றுவிடும். தண்டு நின்றதும் சத்தமும் நின்றால், கோளாறு அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்கில். இதற்கு நேரெதிராக, மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். முதலாவதற்குக் கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டும். இரண்டாவதற்கு அதை இறக்கினால் போதும், பிரிக்க வேண்டாம். கூலியில் பெரிய வித்தியாசம் வரும், தெரிந்துகொண்டு போங்கள்.

கேள்வி: தினமும் காரில் வேலைக்குப் போகிறேன். எழுபதில் ஒரு ரீங்காரம் கேட்கிறது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ‘ஓட்டிப் பார்த்தோம் மேடம், ஒன்றும் இல்லை’ என்று திருப்பித் தருகிறார்கள். எனக்குத்தான் பிரமையா?
– வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: இல்லை சகோதரி. ஒரே காரைத் தினமும் ஓட்டுகிறவரின் காதைவிட நல்ல கருவி எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கிடையாது. நேற்று இல்லாத சத்தம் இன்று இருக்கிறது என்று உங்களால் மட்டுமே சொல்ல முடியும். பத்து நிமிடம் ஓட்டுகிற டெக்னீஷியனுக்கு அது அந்தக் காரின் இயல்பான சத்தமாகவே படும். அதிலும் அவர் ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி நாற்பதில் ஓட்டிப் பார்த்திருந்தால், எழுபதில் வரும் சத்தம் எப்படிக் கேட்கும்?

‘சத்தம் வருகிறது’ என்று மட்டும் எழுதிக்கொடுக்காதீர்கள். ‘65-இல் தொடங்கி 80-இல் அடங்குகிறது. நான்காவது, ஐந்தாவது இரண்டு கியரிலும் ஒரே சுருதி. ஆக்சிலேட்டரை விட்டாலும் தொடர்கிறது. இடப்பக்கம் திரும்பும்போது கூடுகிறது’ என்பதுபோல நீங்கள் கவனித்ததை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். அத்தோடு, ஸ்பீடோமீட்டர் தெரிகிற மாதிரி பக்கத்து சீட்டில் இருப்பவரை ஒரு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஓட்ட, டெக்னீஷியன் பக்கத்தில் உட்காரட்டும். இதைக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை, தயங்க வேண்டியதில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சந்தேகப்பட வேண்டுமானால் டயரிலிருந்தே தொடங்குவேன். டயரின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் செதில் செதிலாகத் தட்டினால் தேய்மானம் சீராக இல்லை. சாலையின் மேற்பரப்பு மாறும்போது சுருதியும் மாறினால் டயர்தான் என்பது ஏறக்குறைய உறுதி. முன் டயரைப் பின்னுக்கு மாற்றிப் போட்டால் சத்தமும் இடம் மாறும். அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

கேள்வி: கியர் செய்யும் ஆலையில் பல் வெட்டும் ஹாபிங் மெஷினில் வேலை செய்கிறேன். பல்லை மைக்ரான் கணக்கில் அளக்கிறோம். எல்லாம் அளவுக்குள் இருக்கிறது. ஆனாலும் சில செட்டுகள் ‘சத்தம்’ என்று திரும்பி வருகின்றன. ஏன் சார்?
– தொழிலாளி, வல்லம்

பதில்: இந்த மாதம் வந்ததிலேயே நான் மிகவும் ரசித்த கேள்வி இது. ஊரே உங்கள் கையில் செய்த பல்லின் மேல் ஓடுகிறது. ஆகவே முழுதாகச் சொல்கிறேன்.

இரண்டு பல்சக்கரங்கள் பழுதே இல்லாமல் இருந்தால், ஒன்று சீராகச் சுற்றும்போது மற்றதும் சீராகச் சுற்ற வேண்டும். நிஜத்தில் இரண்டாவது கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முறை இந்தத் தடுமாற்றம். சில மைக்ரான் போதும், காதுக்குக் கேட்டுவிடும். தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் அளவில் இருக்கும், அதில் ஒரு சிறு பங்கு என்று எண்ணிக்கொள்ளுங்கள். நீங்கள் மேசையில் அளக்கும்போது பல் மேல் பாரம் இல்லை. வண்டியில் பாரம் ஏறினால் பல் வளையும், தண்டு வளையும், கூடு விரியும். அதற்காகத்தான் பல்லின் நுனியை வேண்டுமென்றே ஒரு துளி சீவுகிறார்கள். இத்தனை பாரத்துக்கு இவ்வளவு வளையும் என்று கணக்கிட்டுச் சீவிய பல், வேறு பாரத்தில் பாடத்தான் செய்யும். அதோடு நீங்கள் வெட்டிய பிறகு பல் உலைக்குப் போகிறது. கார்பன் ஏற்றி, சூடாக்கி, எண்ணெயில் முக்கி எடுக்கும்போது இரும்பு கோணும். பிறகு கிரைண்டிங், ஹோனிங் செய்து அந்தக் கோணலை எடுக்கிறார்கள், எல்லாவற்றிலும் அல்ல.

இனி உங்கள் மெஷினைப் பற்றி. சத்தத்தை அலசும்போது பல் எண்ணிக்கையோடு ஒட்டாத ஓர் அதிர்வெண் சில சமயம் வரும். சக்கரத்தில் 23 பல் இருக்கும், சத்தமோ சுற்றுக்கு வேறேதோ ஓர் எண்ணில் வரும். வண்டியில் அந்த எண்ணுக்குப் பல்சக்கரமே இருக்காது. பொறியாளர்கள் இதைப் பேய் அதிர்வெண் என்பார்கள். அந்தப் பேய் பெரும்பாலும் வெட்டிய மெஷினுக்குள் இருக்கும். மேசையைத் திருப்பும் உள்சக்கரம் தேய்ந்திருந்தால், அதன் பல் எண்ணிக்கை நீங்கள் வெட்டும் ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் மெல்லிய அலையாகப் பதிந்துவிடும். திரும்பி வந்த செட்டுகள் எல்லாம் ஒரே மெஷினில் வெட்டியவையா என்று பாருங்கள். ஆம் என்றால், சூப்பர்வைசரிடம் சத்தத்தின் எண்ணையும் மெஷினின் உள்சக்கரப் பல் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். அளவுக்குள் இருக்கிறது என்ற பதில் அப்போது போதாது.

கிரௌன்-பினியன் வேறு கதை. அவை இரண்டையும் ஜோடியாகவே உரசவிட்டு முடிக்கிறார்கள். ஜோடிக்கு ஒரே எண் பொறிக்கிறார்கள். எண் மாறி ஏறினால் அந்த ஜோடி ஆயுள் முழுக்கக் கத்தும். அவற்றைத் தாங்கும் ஆக்சில் கூடும் நேராக இருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் ஆக்சில்ஸ் இந்தியா மாதிரியான ஆலைகள் ஆக்சில் கூட்டையே முக்கியத் தொழிலாகச் செய்வது சும்மா அல்ல. அளவுக்கு மேல் பாரம் ஏற்றிக் கூடு வளைந்தால், உள்ளே எவ்வளவு நல்ல பல் இருந்தாலும் அது சரியான இடத்தில் தொடாது.

கேள்வி: பழைய எஸ்யூவி ஒன்று பார்த்தேன். கியர் பாக்ஸ் பூனை மாதிரி அமைதி. டீலர் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், குன்றத்தூர்

பதில்: ஆயிலைப் பார்க்காமல் அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள். தேய்ந்த பல்சக்கரத்தை விற்கிற நாள் வரை மட்டும் வாயடைத்து வைக்க வழிகள் உண்டு. ஆயிலில் மரத்தூளைக் கலப்பது உலகம் முழுக்க அறிந்த பழைய மோசடி. குறிப்பிட்டதைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றுவது அதைவிடச் சுலபம். குளிர்ந்திருக்கும்போது இரண்டும் நன்றாக ஏமாற்றும். சூடு ஏறியதும் ஆயில் இளகும், பல் பேசும். டீலர் கடையைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. ஒரகடம் சந்திப்பிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை போய்த் திரும்புங்கள். இருபது முப்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு கேளுங்கள்.

பிறகு மேடையில் ஏற்றி ஆயில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். முதலில் ஊற்றும் மூடி, அப்புறம் வடிக்கும் மூடி. வடித்துவிட்டு ஊற்றும் மூடி திறக்க வராமல் மாட்டிக்கொண்ட வண்டிகள் ஏராளம். வடிமூடியின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தால் அது வயதுக்கேற்ற தேய்மானம். விரலில் குத்துகிற சில்லு இருந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஆயிலைப் பற்றி இன்னொன்று. பின் ஆக்சிலில் இருக்கும் ஹைபாய்டு பல் உருள்வதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்யும். பினியன் கிரௌனின் நடுவுக்கு நேராக இல்லாமல் கீழே தள்ளி இருப்பதால் இந்த வழுக்கல். 1920-களில் இந்த வகைப் பல் கார்களுக்கு வந்ததால்தான் ஷாஃப்ட் கீழே இறங்கி, காரின் தரையும் தாழ்ந்தது, ஓசையும் குறைந்தது. ஆனால் வழுக்கும் பல்லுக்கு அதிக அழுத்தம் தாங்கும் ஜிஎல்-5 ஆயில் வேண்டும். அதே ஆயிலைத் தாராள மனத்தோடு மேனுவல் கியர் பாக்ஸில் ஊற்றினால், அதிலுள்ள கந்தகக் கலவை பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். புத்தகத்தில் ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4 தான்.

கேள்வி: மழையில் முட்டிக்கால் தண்ணீரில் ஓட்டினேன். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று மாதம் கழித்துப் பின்னால் ஊளை. மழைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?
– வாசகர், வரதராஜபுரம்

பதில்: நேரடித் தொடர்பு. உங்கள் ஊரில் இதைக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி அடையாற்றில் சேரும் நீர் வரதராஜபுரம், முடிச்சூர் வழியாகத்தான் போகிறது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அங்கே கார்கள் எந்த உயரத்துக்கு மூழ்கின என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓடி வந்த ஆக்சில் கொதித்துக்கொண்டிருக்கும். உள்ளே காற்றும் சூடாகி விரிந்திருக்கும். அது திடீரென்று குளிர்ந்த நீருக்குள் இறங்கினால் உள்காற்று சுருங்கும். சுருங்கியதை ஈடுகட்ட வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். மேலே ‘பிரீதர்’ என்று ஒரு சிறு மூச்சுக்குழாய் இருக்கிறது. அது தண்ணீருக்கு மேல் இருந்தால் காற்றை இழுக்கும், தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை இழுக்கும். சேறு அடைத்திருந்தால் ஆயில் சீலின் உதட்டைத் தாண்டி இழுக்கும். உள்ளே போன தண்ணீர் ஆயிலோடு கலந்து பால் விட்ட காபி மாதிரி ஆகும். அந்தக் கலவை பல்லுக்கு நடுவே படலமாக நிற்காது. பேரிங்கில் துரு குழி பறிக்கும். அதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகும். நீங்களும் மழையை மறந்திருப்பீர்கள்.

முட்டிக்கால் தண்ணீரில் போன வண்டிக்கு அந்த வாரமே ஆக்சில் ஆயிலைப் பாருங்கள். முன்சக்கர இழுவைக் காரில் கியர் பாக்ஸ் ஆயிலைப் பாருங்கள். நிறம் வெளுத்திருந்தால் மாற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். பிரீதரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். உங்கள் வண்டிக்கு இப்போது இது தாமதம். பினியன் பேரிங்கைத் திறந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். பல்லைத் தொடாமல் பேரிங்கோடு முடிந்தால் நல்ல காலம்.

கேள்வி: பாட்டுக்கு நடுவே ‘உய்ங்’. ஆக்சிலேட்டர் மிதித்தால் ஏறுகிறது. ஸ்டீரியோவை அணைத்தால் போய்விடுகிறது!
– வாசகர், மாங்காடு

பதில்: அப்படியானால் கியருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆல்டர்னேட்டரின் மின்சார இரைச்சல் ஸ்பீக்கர் வழியாக வருகிறது. ஸ்டீரியோவின் எர்த் ஒயரைத் துரு இல்லாத இரும்பில் நன்றாக முடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சிவிடி கியர் உள்ள மேக்னைட் வாங்கினேன். நம் ஒரகடத்திலேயே செய்த கார் என்ற பெருமை. ஆனால் வேகம் எடுக்கும்போது ஒரே சுருதியில் ஊளையிடுகிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், வாலாஜாபாத்

பதில்: பெருமையைக் கைவிட வேண்டாம். 2010-இல் திறந்த ஆலை அது. 2020 டிசம்பரில் வந்த மேக்னைட் வெளிநாடுகளுக்கும் இங்கிருந்துதான் போகிறது. உங்கள் காதுக்கு இன்னும் சிவிடி பழகவில்லை. சாதாரணக் காரில் வேகத்தோடு சுருதி ஏறும், கியர் மாறும்போது இறங்கும். சிவிடியில் படிகளே கிடையாது. இரண்டு கூம்புப் புல்லிகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் தகடுகள் கோத்த பட்டை ஒன்று ஓடுகிறது. புல்லிகள் விரிந்தும் ஒடுங்கியும் விகிதத்தை மாற்றுகின்றன. இன்ஜின் ஒரே வேகத்தில் நிற்க, கார் மட்டும் வேகம் எடுக்கும். ஹாலந்தில் ஹப் வான் டோர்ன் 1958-இல் டாஃப் காரில் ரப்பர் பெல்ட்டோடு அறிமுகப்படுத்தியதன் பேரப்பிள்ளை இது.

தகடுகள் புல்லியைத் தொடும் மெல்லிய ரீங்காரமும் இயல்பு. இயல்பல்லாதவை மூன்று: காரின் வேகத்தோடு ஏறும் உறுமல், புறப்படும்போது உதறல், மிதித்தும் இழுக்காத வழுக்கல். இவற்றில் ஒன்று வந்தாலும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்காமல் காட்டுங்கள். சிவிடிக்கென்றே தனி ஆயில். ‘எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் ஒரே ஆயில்தான்’ என்று சொல்பவரிடம் காரை விடாதீர்கள்.

கேள்வி: எலெக்ட்ரிக் காரில் இன்ஜினே இல்லை. பின்னே ஏன் ஊளை?
– கல்லூரி மாணவி, இருங்காட்டுக்கோட்டை

பதில்: இன்ஜின் இல்லாததால்தான். உங்கள் ஊர் ஆலையிலிருந்து கிரெட்டா எலெக்ட்ரிக் 2025 ஜனவரியில் வெளிவந்தது. அதிலும் மற்ற எலெக்ட்ரிக் கார்களிலும் மோட்டாரின் வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பல்சக்கரங்கள் உண்டு. பெட்ரோல் காரில் இன்ஜின் சத்தம் அந்த ஓசையை மூடிவிடும். இங்கே மூட ஆளில்லை.

சுருதியும் ஒரு காரணம். மோட்டார் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றி, அதன் சக்கரத்தில் 25 பல் இருந்தால் நொடிக்கு 3,750 அடி. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது இரண்டாயிரத்துக்கும் ஐந்தாயிரத்துக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதியைத்தான். பெட்ரோல் காரில் யாரும் கவனிக்காத அளவு பல் பிசகு எலெக்ட்ரிக் காரில் புகாராக மாறுகிறது. மேலே வல்லத்துத் தொழிலாளி கேட்ட கேள்வியைப் படித்தீர்களா? பொறியியல் படிக்கிறீர்கள் என்றால், அவருடைய வேலையும் உங்களுடைய வேலையும் இனி இந்த இடத்தில்தான் சந்திக்கும்.

கேள்வி: அம்பாசடர் ஓட்டிய காலத்தில் பின் ஆக்சில் பாடிக்கொண்டே லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓடியது. இப்போது ஒரு சின்ன சத்தத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?
– ஓய்வு பெற்ற ஓட்டுநர், காஞ்சிபுரம்

பதில்: ஐயா, நீங்கள் ஓட்டிய வண்டி முதல் நாளிலிருந்தே பாடியது. அது அந்த ஜோடிப் பல்லின் சுபாவம். உத்தரபாராவில் 2014-இல் அம்பாசடர் நின்றுபோகும் வரை அப்படிப் பாடிய ஆக்சில்கள் எத்தனையோ. அவை பாடிய சுருதி மாறவில்லை, அதனால் ஓடின. ஒரு நாள் அந்தப் பாட்டு உறுமலாக மாறியிருந்தால் நீங்களே முதல் ஆளாக வண்டியை ஓரம் கட்டியிருப்பீர்கள், இல்லையா? நான் கவலைப்படச் சொல்வது புதிதாக வந்த சத்தத்துக்கும், வாரத்துக்கு வாரம் கூடும் சத்தத்துக்கும்தான்.

கேள்வி: வாரண்டியில் இருக்கும் கார். சத்தத்துக்காகப் பலமுறை விட்டும் சரியாகவில்லை. ‘இது இந்த மாடலின் இயல்பு’ என்கிறார்கள்.
– வாசகர், தாம்பரம்

பதில்: அதே மாடலில் இன்னொரு காரை, அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இயல்பு என்றால் அதிலும் இருக்க வேண்டும். அதில் இல்லையென்றால் அவர்கள் வாதம் அங்கேயே முடிந்தது. ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டின் நகலை வாங்கி வையுங்கள். வாய்வார்த்தைக்கு வாரண்டி கிடையாது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், இழுத்தடிப்பில் அந்தக் காலத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: முன்சக்கரத்தில் உறுமல். வலப்பக்கம் திருப்பினால் கூடுகிறது. ஜாக்கி போட்டு, ஸ்பிரிங் மேல் ஒரு கையை வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் கரகரவென்று அதிர்வு தெரிகிறது. பௌர்ணமிக்குக் குடும்பத்தோடு திருவண்ணாமலை போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாமா?
– வாசகர், சேரப்பணஞ்சேரி

பதில்: கூடாது. இடது வீல் பேரிங் என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டமும் இருக்கும், பாருங்கள். கியர் பாக்ஸ் சத்தம் போட்டால் பணம் போகும். வீல் பேரிங் சத்தம் போட்டால் சூடேறி இறுகலாம், சக்கரமே கையை விட்டுப் போகலாம். பேரிங் மாற்றுவது பெரும்பாலும் ஒரு நாள் வேலைக்குள் முடிந்துவிடும். இந்தப் பௌர்ணமிக்குப் பஸ்ஸில் போய் வாருங்கள்.